மார்கழி, தை மாதங்களில் முல்லைத்தீவில் தங்கி இளைப்பாறுவது எப்படி

வடக்கு நோக்கிய நீண்ட வாகனப் பயணத்தை இரண்டாகப் பிரித்து, இடையில் ஓரிரு இரவுகள் கடலோரத்தில் தங்கிச் செல்ல விரும்புவோருக்கு வன்னியில் முல்லைத்தீவைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் கருத்து. ஆனால் கார்த்திகை நடுப்பகுதியிலிருந்து மாசி வரையான மாதங்களில் அங்கு வருவோரில் பலர் ஆயத்தமில்லாமலே வருகிறார்கள். கடற்கரைதானே, வெக்கையாகத்தான் இருக்கும் என்று எண்ணி மெல்லிய சட்டையோடும் ஒரு சாரத்தோடும் வந்து, இரவு முழுவதும் உடலைக் குறுக்கிக்கொண்டு கிடந்து, மறுநாள் வந்ததைவிடக் கூடிய களைப்போடு புறப்படுகிறார்கள். இக்கட்டுரை அந்த மாதங்களில் அவ்வூரில் உண்மையாகவே இளைப்பாறிச் செல்வதற்கான வழிகளைச் சொல்கிறது. ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கான விவரங்களை இதில் மிகச் சுருக்கமாகவே தந்திருக்கிறேன். ஒரே இரவில் இரண்டையும் செய்ய முற்படுவோருக்கு இரண்டுமே சரிவராது.

முதலில் அந்தக் குளிரின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். நுவரெலியாவின் குளிரோடு ஒப்பிட்டால் முல்லைத்தீவின் குளிர் எண்ணளவில் ஒன்றுமே இல்லை. தை மாதத்து அதிகாலையில் வெப்பநிலை 21 அல்லது 22 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குவதே வழமை. உடலை வாட்டுவது வெப்பநிலை அன்று, வாடைக்காற்று. வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து ஈரத்தைச் சுமந்தபடி நேராக இந்தக் கரையில்தான் ஏறுகிறது. இடையில் அதைத் தடுப்பதற்கு ஒரு குன்றுகூட இல்லை. மழையில் நனைந்த உடையோடு அந்தக் காற்றில் அரை மணித்தியாலம் நின்றால் வெப்பமானியின் கணக்கு எதற்கும் உதவாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்காள விரிகுடாவில் நிலைகொண்டிருந்த நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிரும் காற்றும் தாங்காமல் இறந்தன. முல்லைத்தீவும் கிளிநொச்சியும் அப்போது பெரிதும் பாதிக்கப்பட்டன. திறந்த வெளியில் நனைந்தபடி நின்ற கால்நடைகளே அவற்றுள் பெரும்பாலானவை. மழை குறைந்த பின்னரும் பனி விடுவதில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழையவர்கள் சொல்லி வைத்தது இந்தப் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும்.

ஆகவே கொண்டுவர வேண்டியவற்றைக் காற்றையும் ஈரத்தையும் மனத்தில் வைத்தே தெரிவு செய்யுங்கள். தடித்த ஒரு சுவெற்றரைவிட, மெல்லிய பருத்திச் சட்டைக்கு மேல் அணியக்கூடிய காற்றுப் புகாத மழைச்சட்டை ஒன்று கூடுதலாக உதவும். காதை மூடுவதற்கு மப்ளரோ பெரிய துவாயோ வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி காலுறை தனியாக, நனையாத பையில் இருக்கட்டும்; அவற்றைப் படுக்கைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஆளுக்கொரு போர்வை வீட்டிலிருந்தே எடுத்து வருவது நல்லது, ஏனெனில் விடுதிகளில் தருபவை பெரும்பாலும் மெல்லிய விரிப்புகளே. இரண்டு லீற்றர் கொள்ளும் சுடுநீர்ப் போத்தல் ஒன்றையும் மறக்க வேண்டாம்.

வழியும் நேரமும்

கொழும்பிலிருந்து வருவோர் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கடந்து, ஏ9 வீதியில் உள்ள மாங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பினால், ஏ34 வீதி சுமார் 50 கிலோமீற்றரில் அவர்களை ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று வழியாக முல்லைத்தீவுக்குக் கொண்டுவந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே இறங்குவோர் பரந்தனில் திரும்பி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் ஊடாக ஏ35 வீதியில் வருவார்கள். அதுவும் ஏறக்குறைய அதே தூரந்தான். இரு வீதிகளையும் சேர்த்தால், மாங்குளத்திலிருந்து நேரே பரந்தனுக்குப் போவதைவிட அறுபது எழுபது கிலோமீற்றர் கூடுதலாக ஓட வேண்டிவரும். இந்தச் சுற்று எதற்கு என்று கேட்போருக்கு என்னுடைய பதில், ஏ9 வீதியோரத்து விடுதிகளில் இரவிரவாக ஓடும் பஸ்களினதும் லொறிகளினதும் இரைச்சலுக்குள் படுத்து எழும்புவது இளைப்பாறல் ஆகாது என்பதே.

இங்கு வருவதற்கு மாலை நேரத்தைத் தெரிவு செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இரு வீதிகளுமே பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் செல்வதால் மாலைச் சூரியன் சாரதியின் முதுகுப்பக்கம் நிற்கும். மறுநாள் காலையில் மேற்கு நோக்கிப் புறப்படும்போதும் சூரியன் முதுகுப்பக்கமே இருக்கும். கண் கூசாத பயணம் களைத்த சாரதிக்குப் பெரிய உதவி. ஆனால் அந்த மாலை ஐந்து மணிக்குள் முடிய வேண்டும். மார்கழி தொடக்கத்தில் ஆறு மணிக்கு முன்னரே பொழுது பட்டுவிடுகிறது, மழைமுகில் கவிந்த நாட்களில் ஐந்தரைக்கே இருட்டு வந்துவிடும்.

இருட்டில் வரக்கூடாது என்பதற்குக் காரணம் மாடுகள். குளிர்காலத்து இரவுகளில், பகல் வெயிலின் சூட்டைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும் தார் வீதியே அவற்றுக்குக் கிடைக்கும் மிக இதமான படுக்கை. மேலும் மழைக்குப் பின் வயல்களும் பற்றைகளும் சேறாகிவிட, காய்ந்து கிடக்கும் ஒரே இடமும் வீதிதான். பத்துப் பதினைந்து மாடுகள் வளைவுக்கு அப்பால் வீதியை நிறைத்துப் படுத்திருக்கும். கறுத்த மாட்டின் உடலை முன்விளக்கு வெளிச்சத்தில் கண்டுபிடிப்பதற்குள் வாகனம் அதற்கு மிக அருகில் போய்விடும். எதிர்ப்படும் வாகனத்தின் விளக்கு கண்ணில் விழுந்தால் அதுவும் தெரியாது. காட்டை ஒட்டிய பகுதிகளில் யானைகளும் வீதிக்கு வருவதுண்டு. தவிர்க்க முடியாமல் இருட்டிவிட்டால் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டாம்.

மழையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் பெய்த மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் வீதிகள் பல வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய நாட்கள் அபூர்வமானவை, ஆனாலும் கார்த்திகையிலும் மார்கழியிலும் அதற்கு இடம் வைத்தே திட்டமிட வேண்டும். பரந்தன் வழியாக வருவோர் ஊருக்குள் நுழையும் முன் நந்திக்கடலைக் குறுக்கறுக்கும் வட்டுவாகல் பாலத்தைக் கடக்க வேண்டும். நீண்ட, ஒடுங்கிய, நீர்மட்டத்துக்கு அண்மையில் அமைந்த பாதை அது. நீரேரி நிரம்பினால் முதலில் தடைப்படுவதும் அதுவே. புறப்படும் அன்று காலையில், தங்கப்போகும் விடுதியாரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பக்கத்தால் வருவது நல்லது என்று கேட்பதே சிறந்த வழி. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117 இலும் வீதி நிலைமையை விசாரிக்கலாம். பாலத்தின் மேல் நீர் பாய்ந்துகொண்டிருந்தால், முன்னால் ஒரு லொறி போனதென்பதற்காகப் பின்னால் காரை விட வேண்டாம்.

ஏ9 வீதியில் வருவோர் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் உள்ள திருமுறிகண்டிப் பிள்ளையாரை அறிவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இறங்கி, மாங்குளம் வழியாகச் சுற்றிவரத் தீர்மானித்தவர்களுக்கு அது வழியிலேயே வரும். தேங்காய் உடைத்துத் திருநீறு பூசிக் கச்சான் பொதியும் வாங்கிக்கொண்டு போகும் அந்த வழக்கம், பக்தி ஒருபுறம் இருக்க, சாரதியைக் கட்டாயமாக ஆசனத்திலிருந்து இறக்கும் நல்ல ஏற்பாடு. மாங்குளத்தில் திரும்பிய பின் கால் நீட்டுவதற்கு ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோவில் முன்றல் உகந்தது. அதையண்டிய கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 இல் வன்னியின் மன்னன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரால் தோற்கடிக்கப்பட்டதைக் குறிக்கும் நினைவுக்கல் நாட்டப்பட்ட இடமும் இருக்கிறது. அவன் அவ்வாண்டு ஓகஸ்டில் கைப்பற்றிய கோட்டை நீங்கள் போய்ச் சேரப்போகும் முல்லைத்தீவில்தான் இருந்தது.

வழியில் ஒதுங்க நேர்ந்தால் தேநீர்க் கடைகளிலோ கோவில்களிலோ எரிபொருள் நிரப்பு நிலையங்களிலோ மட்டுமே ஒதுங்குங்கள். பற்றைக்குள் இறங்க வேண்டாம். போர் முடிந்து இத்தனை ஆண்டுகள் கடந்தும் இம்மாவட்டத்தில் கண்ணிவெடி அகற்றும் பணி நிறைவு பெறவில்லை. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்கக் கூடாது. அந்தப் பலகை மழையில் சாய்ந்து புல்லுக்குள் மறைந்திருக்கவும் கூடும்.

அறையைத் தெரிவு செய்தல்

முல்லைத்தீவில் தங்குமிடங்கள் பெருகிவருகின்றன, ஆனால் மிக அதிகம் என்று சொல்ல முடியாது. மாவீரர் நாளான நவம்பர் 27 ஐ ஒட்டிய நாட்களிலும், ஆழிப்பேரலை நினைவு நாளான டிசம்பர் 26 ஐ ஒட்டியும், தைப்பொங்கல் விடுமுறையிலும் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் உறவினர் ஊர் திரும்புவதால் அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். அந்த நாட்களைத் தவிர்க்க முடியாவிட்டால் இரு வாரங்களுக்கு முன்னரே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கடல் தெரியும் அறை என்று கேட்டு வாங்குவதுதான் இந்தப் பருவத்தில் பயணிகள் செய்யும் பெரிய பிழை. சித்திரையிலும் ஆவணியிலும் அந்த அறைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாம். மார்கழியில் அதே சாளரத்தின் இடுக்குகளால் காற்று இரவு முழுவதும் ஊளையிடும், திரைச்சீலை நனைந்து தொங்கும், கட்டிலின் இரும்புக் கால் பிசுபிசுக்கும். கடற்கரையிலிருந்து அரைக் கிலோமீற்றராவது உள்ளே, மதிலோ பனங்கூடலோ தென்னந்தோப்போ காற்றுக்கு மறைப்பாக நிற்கும் இடத்தில், தெற்கு அல்லது மேற்குப் பக்கம் சாளரமுள்ள அறையைக் கேளுங்கள். தண்ணீரூற்று, முள்ளியவளைப் பக்கம் தங்கினால் காற்றின் வேகம் நன்றாகவே குறைந்திருக்கும். கடலுக்குச் சிறிது நேர வாகன ஓட்டந்தான்.

பணம் கொடுக்கும் முன் அறைக்குள் போய் மூன்று இடங்களைக் கையால் தொட்டுப் பாருங்கள். தலையணையை அழுத்தினால் ஈரம் தெரிகிறதா? கட்டிலை ஒட்டிய சுவரின் கீழ்ப்பகுதியில் கை வைத்தால் சுண்ணாம்பு ஈரமாக உதிர்கிறதா? குளியலறையின் காற்றுத் துவாரத்தால் காற்று நேரே கட்டிலுக்கு வருகிறதா? இம்மூன்றில் ஒன்று ஆம் என்றாலும் வேறு அறை கேட்கத் தயங்க வேண்டாம். குளிரூட்டி இருக்கிறதா என்பது இப்போது தேவையற்ற கேள்வி. அதற்காகக் கொடுக்கும் பணத்தை இன்னும் இரண்டு போர்வைக்கும் ஒரு நுளம்பு வலைக்கும் கொடுத்தால் போதும். நுளம்பு வலை அவசியம். மழைக்காலமே வடக்கில் டெங்கு பரவும் காலமுமாகும். மேலும் நெருக்கமான பின்னலுள்ள வலை காற்றையும் ஓரளவு தணித்துக் கொடுக்கும்.

வந்து இறங்கிய முதல் ஒரு மணித்தியாலம்

ஓய்வு கெடுவதும் அமைவதும் பெரும்பாலும் இந்த ஒரு மணித்தியாலத்தில்தான். இறங்கியவுடனே கட்டிலில் விழுந்து உறங்குவோர் இரவு பதினொரு மணிக்கு விழித்து விடியும்வரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்காக மடித்து வைத்திருந்த கால்களில் இரத்தம் தேங்கியிருக்கும், கெண்டைக்கால் இறுகியிருக்கும். எனவே பைகளை இறக்குவதற்கு முன்னரே, காற்று மறைந்த பக்கமாக, பதினைந்து நிமிடங்கள் மெதுவாக நடக்க வேண்டும். சாரதி பைகளைத் தூக்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர்களில் பலர், வாகனத்தை ஓட்டி வந்த மகனையோ மருமகனையோ உடனே கடைக்கு அனுப்பிப் பாணும் தண்ணீர்ப் போத்தலும் வாங்கி வரச் சொல்வார்கள். அந்த வேலையை இதுவரை பின் ஆசனத்தில் உறங்கி வந்தவர் செய்யட்டும்.

நடந்து வந்தவுடன் ஈர உடைகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். வியர்வையில் நனைந்த உள்ளாடையும் ஈர உடைதான். வாகனத்துக்குள் தெரியாமல் இருந்த அந்த ஈரம் வாடைக்காற்றில் முதுகில் ஒட்டும்போதுதான் தெரியும். கால்களைக் கழுவித் துடைத்துக் காலுறை அணிந்து, அதன் பின்னர் சூடாக ஏதாவது குடிக்கலாம். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயோ, மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து அவித்த மல்லித்தண்ணியோ நல்லது. பின்னது உறக்கத்தைக் குலைக்காது என்பதால் மாலை ஆறு மணிக்குப் பின்னர் நான் அதையே பரிந்துரைப்பேன். சாராயம் குடித்தால் குளிர் பறக்கும் என்பது தவறான நம்பிக்கை. அது தோலுக்கு இரத்தத்தைப் பாயவிட்டுச் சூடேறியது போன்ற உணர்வைத் தருமே தவிர, உண்மையில் உடலின் வெப்பத்தை வெளியே விட்டுவிடும்; உறக்கத்தையும் துண்டு துண்டாக்கும்.

அடுத்தது குளியல். இங்குதான் வெளியூரார் அறியாத ஒரு நன்மை இருக்கிறது. மொட்டைமாடித் தாங்கியில் நிற்கும் நீர் இரவுக் காற்றில் குளிர்ந்து காலையில் உடலில் ஊசிபோல் குத்தும். ஆனால் நிலத்தடி நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே வெளிக்காற்று 21 பாகைக்கு இறங்கிய அதிகாலையில், அப்போதே அள்ளிய கிணற்று நீர் காற்றைவிடச் சூடாக இருக்கும். வாளி மேலே வரும்போது மெல்லிய ஆவி எழுவதைக்கூடச் சில காலைகளில் காணலாம். பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கும் இடங்களில் உரிமையாளரான அம்மா, “தம்பி, தாங்கித் தண்ணியிலை குளியாதேங்கோ, கிணத்திலை அள்ளி வாருங்கோ, இளஞ்சூடாத்தான் இருக்கும்” என்று தாமாகவே சொல்வார். அந்தச் சொல்லைக் கேளுங்கள். அள்ளிய உடனே வார்த்து முடிக்க வேண்டும், வாளியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் அந்தச் சூடு போய்விடும். கிணற்றடி காற்றுக்குத் திறந்திருந்தால், துவாயைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, தலையை முதலில் துவட்டுங்கள். கடலுக்கு மிக அண்மையில் உள்ள சில கிணறுகளின் நீர் உவர்ப்பாக இருக்கும். அது குளிப்பதற்குக் கேடில்லை, குடிப்பதற்குப் போத்தல் நீரை வைத்துக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் வெந்நீரே தகும்.

உணவு

நெடும்பயணத்தின் இடையில் இரவுணவாகக் கொத்துரொட்டி உண்பதை நான் ஆதரிக்கவில்லை. பசித்த வயிற்றுக்கு அதன் மணமே போதும், தகட்டில் தட்டும் ஓசை தெருமுனையிலிருந்தே இழுக்கும்; ஆயினும் அந்த எண்ணெயும் மாவும் செரிப்பதற்குள் நடு இரவு கடந்துவிடும். இடியப்பமும் சொதியும், அல்லது அரிசிமாப் புட்டும் மீன் குழம்பும், எட்டு மணிக்கு முன் உண்டு முடித்தால் பத்து மணிக்கு உடல் உறக்கத்துக்கு ஆயத்தமாக இருக்கும். மிளகும் உள்ளியும் தூக்கலாக இட்ட ரசம் ஒரு கோப்பை கிடைத்தால் அது குளிருக்கு நல்ல மருந்து. விடுதியில் சமைத்துத் தருவார்களானால் பிற்பகல் மூன்று மணிக்குள் சொல்லிவிட வேண்டும். அன்றன்று கிடைக்கும் மீனை வைத்தே சமைப்பவர்கள் அவர்கள். இப்பருவத்தில் கடல் கொந்தளித்துப் படகுகள் இறங்காத நாட்களில் கடல்மீன் கிடைக்காமல் போகலாம். அப்போது வன்னிக் குளங்களின் மீன் இருக்கும், நந்திக்கடல் இறாலும் சில வேளைகளில் இருக்கும். விரும்பியது இல்லை என்று முகம் சுளிக்காமல் இருப்பதை உண்பது எல்லோருக்கும் நல்லது.

இரண்டாம் நாள் மதியம் தங்குவோர் ஒடியற் கூழ் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஒடியல் மாவோடு மீனும் நண்டும் இறாலும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும், பழப்புளியும் செத்தல் மிளகாயும் சேர்ந்த அந்தக் கூழ் வாடைக்காற்றுக்கென்றே ஆக்கப்பட்டது என்று சொல்லலாம். கூழ் குடித்தவர் அடுத்த மூன்று மணித்தியாலத்துக்கு வாகனத்தைத் தொடக் கூடாது. உறக்கம் அப்படி வரும். தை மாதத்தில் வீதியோரங்களில் அவித்த பனங்கிழங்கு கட்டுக் கட்டாக விற்பார்கள். வழிக்கு அது நல்ல சிற்றுணவு, தும்பை மட்டும் கவனமாக நீக்கிச் சிறுவர்களுக்குக் கொடுங்கள்.

உறக்கம்

இரவில் அறையைச் சூடாக்குவதற்காகத் தணல் சட்டியை உள்ளே வைத்துக் கதவை மூடிக்கொள்ளும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. மூடிய அறையில் எரியும் கரி, நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரிடும். அறை கிடைக்காமல் வாகனத்திலேயே உறங்க நேர்ந்தால், குளிருக்காக இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணாடிகளை முற்றாக மூடிக்கொண்டு படுப்பதும் அதே ஆபத்துத்தான். நுளம்புத்திரி கொளுத்துவோர் மேல் துவாரத்தைத் திறந்து வைத்திருங்கள்.

சூட்டைப் போர்வைக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளலாம். சுடுநீரைப் போத்தலில் நிரப்பி, இறுக மூடி, துவாயால் சுற்றிப் பாதங்களுக்கு அருகில் வைத்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் இதமாக இருக்கும். நிலத்தில் படுப்போர் பாய்க்கு அடியில் ஒரு தடித்த விரிப்பையோ சாக்கையோ இட வேண்டும், ஏனெனில் மேலே எத்தனை போர்வை போர்த்தாலும் சீமெந்துத் தரை கீழிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அது ஓடாவிட்டால் உறக்கம் வராது என்போர் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம்.

சாரதிக்கு ஏழு மணித்தியாலத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். மற்றவர்களுக்கு அது விருப்பம், அவருக்கு அது கடமை. அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையிலும், பிற்பகல் இரண்டுக்கும் நான்குக்கும் இடையிலும் மனித உடல் இயல்பாகவே சோர்ந்துபோகிறது. விடியப்புறம் நான்கு மணிக்கு வெளிக்கிட்டால் வெள்ளனப் போய்ச் சேரலாம் என்ற நம் குடும்பங்களின் பழைய கணக்கு, மிக ஆபத்தான நேரத்தில், பனி மூடிய, மாடு படுத்த வீதியில், அரை உறக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் எல்லோருடைய உயிரையும் ஒப்படைக்கும் கணக்காகும்.

மறுநாள்

முடியுமானால் இரண்டு இரவுகள் தங்குங்கள். முதல் இரவில் உடல் பயணத்தின் அதிர்விலிருந்து விடுபடுகிறது. ஓய்வு என்று சொல்லத்தக்கது இரண்டாம் நாளில்தான் வாய்க்கும். அன்று காலை ஆறரை மணி அளவில் கடற்கரைக்குப் போனால் கடலிலிருந்து சூரியன் எழுவதைக் காணலாம். மப்ளரைக் கட்டிக்கொண்டு போங்கள், ஆனால் கடலில் இறங்க வேண்டாம். கார்த்திகையிலிருந்து தை வரை இந்தக் கடல் குளிப்பதற்குரியதன்று. அலை உயர்ந்து வரும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் பலமாக இருக்கும். அலை தொடும் ஈர மணலில் நடப்பதோடு நிறுத்திக்கொள்வது அறிவு. 2004 டிசம்பர் 26 இல் இந்தக் கரையோர ஊரின் பெரும்பகுதியை ஆழிப்பேரலை கொண்டுபோனது. நீங்கள் நடக்கும் இடத்தில் வீடுகள் இருந்தன. அங்கு நிற்பவர்களில் பலர் அன்று உறவினரை இழந்தவர்கள். உரத்த பாட்டும் கூச்சலும் வேண்டாம். முள்ளிவாய்க்காலைக் கடக்கும்போதும் இதே அடக்கம் இருக்கட்டும்; அங்கு நினைவிடத்தில் நிற்க விரும்புவோர் நிற்கலாம், படமெடுக்கும் இடமாக அதை ஆக்க வேண்டாம். படைமுகாம்களை எங்குமே படமெடுக்காதீர்கள்.

பகலில் வெயில் ஏறிய பின், பதினொரு மணி அளவில், நந்திக்கடல் ஓரமாக உள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிலுக்குப் போய் வரலாம். வைகாசிப் பொங்கலின்போது, சிலாவத்தைக் கடலில் எடுத்துவந்த உப்பு நீரில் விளக்கெரிப்பது இக்கோவிலின் பெயர்பெற்ற வழக்கம். அந்தப் பொங்கலுக்குப் பெருந்திரளாகச் சனம் கூடும். மார்கழியிலோ முன்றல் அமைதியாக இருக்கும், மரநிழலில் ஒரு மணித்தியாலம் சும்மா இருக்கலாம். நீரேரியில் இப்பருவத்தில் வலசைப் பறவைகளையும் காணலாம். இதற்கு மேல் அன்று எங்கும் போகத் தேவையில்லை. சுண்டிக்குளம், நாயாறு, கொக்கிளாய் என்று பட்டியல் போடுவோரை அடுத்த முறைக்கு ஒத்திவைக்கச் சொல்லுங்கள். மதிய உணவுக்குப் பின் சாரதி இருபது நிமிடம் கண்ணயரலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீண்டால் இரவு உறக்கம் போய்விடும்.

வாகனத்துக்கும் அன்று சிறிது கவனம் வேண்டும். கடலோரத்தில் ஓர் இரவு நின்ற வாகனத்தின் முன்கண்ணாடியில் பால் கலந்தாற்போல ஒரு படலம் படிந்திருக்கும். விரலால் தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதன் மேல் துடைப்பானை உலர்வாக ஓடவிட்டால் உப்பும் மணலும் கண்ணாடியில் கீறல் விழுத்தும். முதலில் நன்னீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவி, பின்னர்தான் துடைக்க வேண்டும். சில்லுகளின் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் நன்னீரால் அலசிவிடுவது துருவைத் தடுக்கும். உவர்க் கிணற்று நீரால் கழுவுவது கழுவாததற்குச் சமம். ரயர்களின் காற்றழுத்தத்தை, ஓடிச் சூடேறுவதற்கு முன், காலையிலேயே பாருங்கள். காலையில் உட்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தால் கையால் தேய்க்காமல், இரு பக்கக் கண்ணாடிகளையும் சிறிது இறக்கிவிட்டுக் குளிரூட்டியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் சில நிமிடங்களில் தெளியும்.

புறப்படுவதற்கு ஏழரை மணி சரியான நேரம். பனி விலகியிருக்கும், மாடுகளும் வீதியை விட்டு எழுந்திருக்கும். அதற்கு முன் சாரதியைப் பத்து நிமிடம் நடக்க வைத்துப் பாருங்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் ஒரு மணித்தியாலம் தாமதிப்பதில் குறையொன்றுமில்லை. திருகோணமலைப் பக்கம் போவோர், கரையோர வீதி கொக்கிளாய் நீரேரியில் தடைப்படுவதால், உள்நாட்டு வழியாகச் சுற்ற வேண்டும். நெடுங்கேணி, புளியங்குளம் ஊடாக ஏ9 வீதிக்கு ஏறி, வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகப் போவது தூரம் கூடியதானாலும் எளிது. எத்திசையில் போனாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை கால் மணித்தியாலம் நிறுத்துங்கள். யாரேனும் திடீரென நோயுற்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். விடுதியை விட்டு இறங்கும் முன் சுடுநீர்ப் போத்தலை மல்லித்தண்ணியால் நிரப்பித் தரும்படி கேளுங்கள். முதல்நாள் இரவே சொல்லி வைத்தால்தான் காலையில் அவித்துத் தருவார்கள்.